தப்பு மேல்வீட்டில்

அப்பாவின் முதலாண்டு நினைவு அட்டைக்குச் சித்தப்பா எழுதிக் கொடுத்த வாசகம்: "அமைதியாக வாழ்ந்து அமைதியாக மறைந்தார்."

ஒரே வரியில் இரண்டு பிழை. அப்பா மறைந்த அன்று காலையில்கூட, ஆக்சிஜன் முகமூடியை இழுத்துக் கீழே விட்டுக்கொண்டு, ஜன்னல் திரையை ஏன் மூடினாய் என்று நர்ஸிடம் சண்டை போட்டார். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் ஒரு கிரேன் நின்றிருந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாழ்ந்ததைப் பற்றி இனி எழுதுகிறேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். மாடிப்படி இறங்கும்போது வேறு பேசினார்கள். "அந்த மாத்திரைதான் ஆளை முடிச்சிருச்சு." அவரை முடித்தது நுரையீரல் புற்றுநோய். அதற்குக் காரணம் சிகரெட். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் மாத்திரைக்கும் அவர் கடைசியில் வாழ்ந்த வாழ்க்கைக்கும் சம்பந்தம் உண்டு. அதை மறைப்பதாக எனக்கு உத்தேசம் இல்லை.

அப்பா டவர் கிரேன் ஓட்டினார். நடுவானில் ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு லீவர், காலுக்கடியில் ஊர். ஏணி ஏறுவதற்கே காலையில் பாதித் தெம்பு போய்விடும் என்பதால் சாப்பாட்டையும் மேலேயே கொண்டுபோய்விடுவார். கீழே தரையில் நின்று அவருக்குக் கைச்சைகை காட்டியவர் அவருடைய நண்பர். அப்பா வேலை பார்த்த அத்தனை கட்டடத்திலும் அவர்தான். சைட்டில் எல்லாரும் அப்பாவை மேல்வீட்டுக்காரர் என்றார்கள், நண்பரைக் கீழ்வீட்டுக்காரர் என்றார்கள். எனக்குக் கீழ்வீட்டு மாமா.

சைகைக்காரர் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் கையுறை போட்டிருப்பார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர் எறும்பு. கையுறை மட்டும் தெரியும். வாக்கி-டாக்கி உண்டு, இரைச்சலில் பாதி கேட்காது. அதனால் கைதான் பேச்சு. சைட்டின் சட்டம் ஒன்று: சைகைக்காரர் கையுறையைக் கழற்றினால் கிரேன் அசையக் கூடாது. வெறுங்கை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

அப்பாவும் மாமாவும் இந்த விஷயத்தில் பேர் பெற்றவர்கள். மாமாவின் கை எழும்புவதற்கு முன்பே சுமை இறங்கத் தொடங்கிவிடும் என்பார்கள். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்களாம். "உன் புருஷன் என் கையப் பாக்கறதே இல்லம்மா, என் மனசப் பாக்கறான்" என்று மாமா எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அம்மாவிடம் பீற்றிக்கொள்வார். "அப்படியா? என் மனச ஒரு நாளாச்சும் பாக்கச் சொல்லுங்கண்ணே" என்பாள் அம்மா. எல்லாரும் சிரிப்போம்.

அந்தப் பெருமைதான் மாமாவைக் கொன்றது.

ஒரு சுவர்ப் பலகை, கான்கிரீட்டில் வார்த்தது, கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது உட்கார வேண்டிய இடத்தில் வைத்த மரக்கட்டை கோணிக்கொண்டது. மாமா சுமையை நிறுத்தச் சொல்லிவிட்டு, கட்டையைச் சரிசெய்யக் குனிந்தார். கட்டையைச் சரிசெய்ததும் அடுத்த சைகை "மெல்ல இறக்கு" என்பது அப்பாவுக்குத் தெரியும். எப்போதும் அதுதான் அடுத்தது. அப்பா இறக்கினார்.

இது எங்களுக்குப் பல வருடம் தெரியாது. தெரிந்தது கம்பெனியின் விசாரணை அறிக்கை. "சைகைக்காரர் இறக்கும்படி சைகை காட்டிவிட்டு, சுமைக்கு அடியில் கையை நீட்டினார். கையுறை அணிந்திருக்கவில்லை." இரண்டு குற்றமும் செத்தவர் தலையில். அப்பாவை ஏணியில் நாலு பேர் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். சைட் மேனேஜர் தண்ணீர் கொடுத்து, "சைகை வந்துச்சுல்ல? வந்துச்சுதானே?" என்று கேட்டிருக்கிறார். அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் அறிக்கையில் சாட்சியம் ஆனது.

அதன்பிறகு அப்பா மேலே ஏறவில்லை. ஒரு வணிக வளாகத்தின் தரைக்கடியில், கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலைக்குப் போனார். வெளிச்சம் எல்லாம் குழல்விளக்கு. வீட்டில் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். சாப்பிடும்போது இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். இறக்கும் லீவர் இடது பக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதைக் கேட்டாலும் "ம்". நான் பாலிடெக்னிக் முடித்தேன், "ம்". அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது, "ம்". சித்தப்பா சொல்லும் அமைதியான மனிதர் இவர்தான். இந்தக் காலத்து அப்பாவை உறவினர் எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும். யாரோடும் சண்டை இல்லை.

அம்மா முழங்கால் வலிக்குப் போகும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. விபத்தைக் கண்ணால் பார்த்து மனம் உறைந்துபோனவர்களுக்கு ஒரு மருந்து ஆராய்ச்சி. எம்டிஎம்ஏ. நான் தேடிப் படித்துவிட்டு, இளவட்டங்கள் பார்ட்டியில் போட்டுக்கொள்ளும் மாத்திரை இதுதான் என்று சொன்னேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க. இதுக்கு மேல கெட்டுப்போறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ம்" என்றார் அப்பா. இந்த முறை அது சம்மதம்.

மந்திரம் மாயம் எதுவும் இல்லை. முதலில் இருதயத்தைச் சோதித்தார்கள். வாரக்கணக்கில் ஒரு பெண் மருத்துவரும் ஒரு ஆண் செவிலியரும் அவரோடு பேசினார்கள். அதாவது அவர்கள் பேசினார்கள், அப்பா "ம்" போட்டார். பிறகு ஒரு நாள் முழுக்க ஒரு அறையில் படுக்க வைத்து, மருந்து கொடுத்து, அவர் சொன்னதை எல்லாம் ஒலிப்பதிவு செய்துகொண்டு, இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை அழைத்துவரப் போனேன். தாடை வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார். சிக்னலில் நின்றபோது பேசினார்.

"கையில கிளவுஸ் இல்ல."

"யார் கையிலப்பா?"

"கீழ்வீட்டுக்காரன் கையில."

வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

"அந்தப் படம் எப்பவும் எனக்குள்ள இருந்துச்சு பாப்பா. பாக்கத்தான் முடியல. கிட்டப் போனாலே நெஞ்ச அடைக்கும், ஓடி வந்துருவேன். நேத்து என்னாச்சுன்னா, பயம் எந்திரிச்சு வெளிய போய் நாற்காலி போட்டு உக்காந்துருச்சு. போகல, உக்காந்துருக்கு, எனக்குத் தெரியுது. ஆனா வெளிய. நான் மட்டும் உள்ள போய் நிதானமா பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"பலகை அந்தரத்துல நிக்குது. அவன் வலது கை கிளவுஸப் பல்லால கடிச்சு இழுக்கறான். கட்டைக்கு அடியில விரல் போகல போல. சைகையே வரல. நான் இறக்கறேன்." கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "என் மேல எனக்கு வெறுப்பு வரல. அதான் ஆச்சரியம். வெறுப்பு வந்திருந்தா மறுபடியும் கண்ண மூடியிருப்பேன்."

நான் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் தொடர்ச்சியாக இவ்வளவு பேசியது அன்றுதான்.

நல்லதை மட்டும் எழுதினால் அதுவும் பொய். அந்த வாரக் கடைசியில் அப்பா குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. மருத்துவர் இதை எதிர்பார்த்தார். தினமும் தொலைபேசியில் பேசினார். மருந்து இன்னும் ஓரிரு முறை அதே அறையில், அதே இருவர் முன்னால். அதோடு சரி. அதற்குப் பிறகும் பேச்சு மாதக்கணக்கில் நடந்தது. எதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு அந்த இருவரின் பொறுமை, எவ்வளவு அம்மா என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது. அப்பாவைக் கேட்டால் மாத்திரை என்பார். அனுபவித்தவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

மாற்றம் என்றால் அவர் சாந்த சொரூபி ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சண்டைக்காரர் ஆனார். காய்கறிக்காரர், கேபிள்காரர், மாடி வீட்டு நாய், ஒருவரையும் விடவில்லை. சோபாவைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கப் போட்டார். என் வேலையைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார், பதிலில் குறை கண்டுபிடித்தார். அம்மா என்னிடம் சொன்னாள்: "முன்னாடி கல்லு மாதிரி இருந்தார். இப்ப கல்லெறியறார். சில நாள் அந்தக் கல்லே தேவலாம்னு இருக்கு." சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்தது மாமா எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்த காலத்தில்.

விஷயம் தெரிந்து சித்தப்பா ஓடிவந்தார்.

"அண்ணே, இந்த வயசுல ஆட்டம் போடற பசங்க மாத்திரையாண்ணே?"

"ஆட்டம் போடலடா. படுத்துக்கிட்டு அழுதேன். நீ ஆயுசுல ஒரு தடவையாச்சும் அழுதிருக்கியா?"

"எனக்கு அழறதுக்கு என்ன வந்துச்சு?"

"போய் அந்த டாக்டரப் பாரு. வரும்."

சித்தப்பா காபியைக் குடிக்காமல் போனார்.

பிறகு அப்பா மாமாவின் மனைவியைப் பார்க்கப் போனார். அத்தைக்குச் சாவி வெட்டும் கடை. ஒரு ஆள் நிற்கிற அகலம். மாமா போன பிறகு அவரே கற்றுக்கொண்டு நடத்தியது. நான் கூடப் போனேன். அப்பா கடை வாசலில் நின்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, எதையும் மழுப்பாமல் சொன்னார். கையுறை, பல், இறக்கியது, தலையாட்டியது. அத்தை மெஷினை நிறுத்தினார்.

"இத்தன வருஷம் எம் புருஷன் தப்பா சைகை காட்டிச் செத்தான்னு ஊரே சொல்லுச்சு. அவர் பிள்ளைங்களே நம்புச்சு. நீங்க தெரிஞ்சே இருந்தீங்களா அண்ணே?"

"தெரிஞ்சும் தெரியாம இருந்தேன்மா."

"அதென்ன தெரிஞ்சும் தெரியாம?" அவர் குரல் ஏறவில்லை. "நான் உங்கள மன்னிக்க மாட்டேன். மாத்திரையில மனசு லேசாச்சுன்னா அது உங்க பாடு. எனக்கு எங்கயும் லேசாகல. எங்க எழுதி வச்சிருக்கானுங்களோ, அங்கயே போய் மாத்திச் சொல்லுங்க. அப்புறம் இந்தப் பக்கம் வாங்க."

திரும்பி வரும்போது அப்பா விசில் அடித்தார். அவமானப்பட்டுவிட்டு ஏன் விசில் என்று கேட்டேன். "செய்யறதுக்கு ஒரு வேல குடுத்துருக்கா பாரு" என்றார்.

அப்பா பணியிட விபத்து அலுவலகத்தில் மனு கொடுத்தார். கம்பெனி ஒரு வழக்கறிஞரை அனுப்பியது. நீள மேஜை, மின்விசிறி, நடுவில் விசாரணை அதிகாரி. வழக்கறிஞர் தயாராக வந்திருந்தார்.

"இந்த நினைவு உங்களுக்கு வந்தப்ப நீங்க போதையில இருந்தீங்க. சரியா?"

"சரிங்க."

"அப்ப அத நாங்க எப்படி நம்பறது?"

"சம்பவம் நடந்தப்ப நான் ஒரு சொட்டு போதையில இல்ல. தெளிவா இருந்துக்கிட்டுப் பொய்யா தலையாட்டினேன், உடனே நம்பி எழுதிக்கிட்டீங்க. இப்ப மாத்திரை போட்டு உண்மையப் பாத்துட்டு வந்து சொல்றேன், நம்ப மாட்டேங்கறீங்க. நான் என்னதான் பண்ணட்டும்? சொல்லுங்க, நாளைக்குத் தெளிவா வந்து மறுபடி பொய் சொல்லட்டுமா?"

அதிகாரி தண்ணீர் டம்ளரை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

ஆனால் வழக்கறிஞரின் கேள்வி நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட மருந்தின் கீழ் மனம் இல்லாததையும் கட்டிக்கொள்ளும் என்பது நான் படித்தவற்றிலேயே இருந்தது. என் தொழிலிலும் அதே கேள்விதான். ஒரு தராசு சரியாகக் காட்டுகிறதா என்பதை அந்தத் தராசையே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சம்பந்தமில்லாத வேறொரு எடைக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். விபத்து நடந்த அன்று எடுத்த புகைப்படங்களைக் கம்பெனி தாக்கல் செய்ய வேண்டும் என்று மனுவில் சேர்த்தேன். அதற்குள் அப்பாவின் இருமலில் ரத்தம் வந்துவிட்டது.

படங்கள் வருவதற்கு முன் அவர் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்ததும் சித்தப்பா என்னைத் தனியாக அழைத்தார். மனு கொடுத்தவர் இல்லாததால், குடும்பத்தில் யாரும் ஆஜராகாவிட்டால் மனு தானாகவே விழுந்துவிடும் என்று விசாரித்து வைத்திருந்தார்.

"விட்டுரும்மா. அண்ணனே போயிட்டார். எந்தப் பொண்ணாவது அப்பன் கொலகாரன்னு நிரூபிக்கப் போவாளா? மாத்திரைன்னு ஒரு பேச்சு, இது வேறயா? அவர் பேரு நல்லபடியா நிக்கட்டும்."

"யார் பேரக் கெடுத்துட்டு நல்லபடியா நிக்கணும் சித்தப்பா?"

"எனக்கு எங்கண்ணன் பேருதான் முக்கியம்."

"எனக்கும்தான்" என்றேன்.

அவர் கெட்டவர் அல்ல. அண்ணனின் சட்டையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். அன்று அவர் கண் சிவந்திருந்தது. அப்பா பார்த்திருந்தால் கேலி செய்திருப்பார்.

நான் ஆஜரானேன். அதே மேஜை, அதே மின்விசிறி. கம்பெனியின் படங்களை அதிகாரி மேஜையில் பரப்பினார். நான் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டும் பார்த்தேன். இடது கையில் ஆரஞ்சுக் கையுறை. வலது கை வெறுங்கை. வலது கையுறை தரையில், தாடைக்குப் பக்கத்தில் கிடந்தது.

நான் சொன்னது இவ்வளவுதான். அப்பா இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பலகை இறங்கிய பிறகு மேலிருந்து பார்த்தால் பலகை மட்டும்தான் தெரியும். அவரைக் கீழே இறக்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறிக்கையில் கையுறை இல்லை என்று மட்டுமே இருக்கிறது. எந்தக் கை என்றோ, அது எங்கே கிடந்தது என்றோ இல்லை. ஆனால் வலது கை என்றும் பல் என்றும் அவர் அந்த அறையில் சொன்னது மருத்துவரின் ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்த நினைவு மருந்தின் கீழ் வெளியே வந்தது. உண்மை. மருந்து அதை உண்டாக்கவில்லை.

வழக்கறிஞர் எழுந்தார். "இறக்குன்னு சைகை காட்டிட்டு, அதுக்கப்புறம் கையுறையக் கழட்டியிருக்கலாமே?"

"இருக்கலாம். அப்படியே வச்சுக்கோங்க. கையுறை கழண்டா கிரேன் நிக்கணும்னு உங்க சைட்டோட விதியே சொல்லுது. கழண்டுச்சு. நிக்கல. எப்படிப் பாத்தாலும் தப்பு மேலதான் இருக்கு. கீழ இல்ல."

"மேலங்கறது உங்க அப்பா."

"ஆமா. எங்க அப்பாதான்."

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு, "அவர் மருந்து எடுத்துக்கிட்டத நீங்க மறைச்சிருக்கலாம்" என்றார், குற்றம் சாட்டுவது போல இல்லாமல்.

"முதல் நாளே அவர் இங்க வந்து சொல்லிட்டார் சார். அவர் சொன்னத நான் எதுக்கு மறைக்கணும்?"

திருத்தப்பட்ட அறிக்கை வந்ததும் நேராகச் சாவிக் கடைக்குப் போனேன். அத்தை ஒரு பூட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"படி."

படித்தேன். "கிரேன் ஓட்டுநர், சைகை வராமலேயே சுமையை இறக்கினார். சைகைக்காரர் மீது தவறு இல்லை."

"இன்னொரு தடவ."

படித்தேன். அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியால் கவுண்ட்டரை அழுத்தித் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

"நான் உங்கப்பாவ இன்னும் மன்னிக்கல."

"தெரியும் அத்தை."

"ஆனா வரச் சொல்லியிருந்தேன். மாத்திச் சொல்லிட்டு இந்தப் பக்கம் வாங்கன்னு." ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அவருக்குப் பதிலா நீ உக்காரு."

அன்று மாலை சித்தப்பா அச்சகத்துக்குப் போகக் கிளம்பினார். அட்டை தயார், படமும் தயார், வாசகத்தை உறுதிப்படுத்த வேண்டியதுதான் பாக்கி. அம்மா அவர் கையிலிருந்த தாளை வாங்கி, "அமைதியாக" என்று இருந்த இரண்டு இடத்தையும் அடித்தாள். மீதியையும் அடித்தாள். என்னிடமிருந்து அறிக்கையை வாங்கி, முதல் வாக்கியத்தை அப்படியே கீழே எழுதினாள். அதற்கடியில் ஒரு வரி சேர்த்தாள்: "இதைச் சொன்னவரும் அவர்தான்."

சித்தப்பா படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, நினைவு அட்டையில யாராச்சும் இப்படிப் போடுவாங்களா?"

"நாங்க போடுவோம், தம்பி" என்றாள் அம்மா. "அச்சகம் மூடறதுக்குள்ள போய்ட்டு வாங்க."